ஹூட் மாட்ட வந்த மூன்று பேர்

அன்றைக்கு எங்கள் அடுப்படியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்.

எங்கள் மகள். அவள் கையில் அம்மாவின் பம்ப்பு. மூச்சு முட்டினால் வாயில் வைத்து அழுத்துகிற நீல நிற மருந்து.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி. யாரும் கூப்பிடவில்லை. கையில் ஓர் இரும்பு வாணலியோடு அவராகவே வந்துவிட்டார்.

ஹூட் மாட்டிய அம்மா.

அவருடைய வீட்டுக்காரர். காலையிலிருந்து அவர் பேசியது நான்கு வார்த்தை இருக்கும்.

என் மனைவி. அவள் மட்டும் உள்ளே இல்லை. ஹாலில், முன்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் இல்லை. பக்கத்தில் காய்ந்த மிளகாய்ப் பொட்டலம்.

என் நெஞ்சு திக்திக் என்று அடித்தது. முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவன் நான். மலைச்சாலையில் பிரேக் சூடேறிப் புகைந்தபோதுகூட அப்படி அடித்ததில்லை.

ஹூட் என்பது அடுப்புக்கு மேலே மாட்டுகிற பெட்டி. உள்ளே காற்றாடி சுற்றும். புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும். கடையில் அழகாகத்தான் இருக்கும். மாட்டுகிற ஆள் சரியில்லை என்றால் அது சத்தம் போடும் தகரம், அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அரசாங்க கிளினிக்கில் என் மனைவிக்கு ஆஸ்துமா என்றார்கள். புகை ஆகாது, தாளிப்பு நெடி ஆகாது, சாம்பிராணிகூட வேண்டாம் என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் நான் பேப்பர் வாங்கப் போன நேரம் பார்த்து, நெத்திலி சம்பலுக்கு மிளகாய் வறுத்தாள். மூன்றே மூன்று மிளகாய். நான் திரும்பி வந்தபோது ஐஸ் பெட்டியில் சாய்ந்து தரையில் கிடந்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் குழாயை மாட்டி அரை நாள் வைத்திருந்தார்கள்.

அதோடு அடுப்படி அவளுக்கு மூடிவிட்டது.

நான் சமைத்தேன். அவள் ஹாலில் உட்கார்ந்தபடியே என்னை ஏவுவாள்.

"கடுகு வெடிச்சுதா?"

"வெடிச்சுது."

"சத்தமே கேக்கலையே."

"மெதுவா வெடிச்சுது."

"கடுகு மெதுவா வெடிக்குமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க."

பாதி நாள் கடையில் தாப்பாவ். பொட்டலச் சோறு, பொட்டலக் குழம்பு. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மடித்து வைப்பாள். கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. பேச்சும் குறைந்தது. ஒரு நாள் நான் பாசாரிலிருந்து காய்கறியோடு வந்து பார்த்தால், சுவரில் தொங்கிய இரும்பு வாணலியைக் காணோம். கல்யாணமான வருஷம் வாங்கியது.

"எங்க?"

"ஆன்டிகிட்ட குடுத்துட்டேன். எனக்கு இனிமே எதுக்கு?"

அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டேன். வாணலியைக் கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு மகள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையிலிருந்து ஹூட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கடையில மாட்டித் தரமாட்டாங்கப்பா. ஆள் நீங்கதான் பாக்கணும். கண்டவங்களக் கூப்பிடாதீங்க. சுவத்துல ஓட்டை ஒரு தடவதான் போட முடியும்."

ஒரு தடவைதான். அது என் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. இது சரியாக வந்தால் அவள் அடுப்புக்குத் திரும்புவாள். வராவிட்டால் வாணலி போனது போனதுதான்.

எங்கள் வீடு கிள்ளானில். ஒட்டு வீடு, வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியது, மாடி கிடையாது. அடுப்பு கிழக்குச் சுவரோடு இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சீன ஆன்டி வீடு. அதில் ஓட்டை போட முடியாது. வலது பக்கம் ஐந்தடி தள்ளித் தெற்குச் சுவர். அதற்கு வெளியே பின் சந்து. புகை எப்படியாவது அங்கே போகவேண்டும். வேறு வழி இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது.

முதல் ஆள் திங்கட்கிழமை வந்தார். பெரிய வெள்ளை வேன். எங்கள் சாலை குறுகல். இரண்டு பக்கமும் கார்கள். நான் கேட்டில் நின்று பார்த்தேன். அவர் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். ஒரு கையால் ஸ்டீரிங்கை வளைத்தார். ஒரே மூச்சில் பின்னால் வந்து இரண்டு காருக்கு நடுவில் நிறுத்தினார். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முடிந்தது என்று நினைத்தேன். இவர்தான் ஆள்.

என் கணக்கு அதுதான். வண்டியைச் சரியாக நிறுத்துகிறவன் எதையும் சரியாகச் செய்வான். துறைமுகத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆளின் பேச்சைப் பார்க்கமாட்டேன். ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பேன்.

அவர் உள்ளே வந்து மேலே பார்த்தார்.

"ஈஸி அண்ணே. பைப்ப நேரா மேல ஏத்தி, சீலிங்குக்கு மேல விட்டுடலாம். கூரைக்குள்ள எடம் நெறைய சும்மா கெடக்கு. பைப்பு கண்ணுக்கே தெரியாது."

"புகை?"

"கூரை ஓட்டு இடுக்குல போயிடும் அண்ணே. ஒரு மணி நேர வேலை. நீங்க டீத்தண்ணி கலக்குங்க, முடிச்சிடறேன்."

"சனிக்கிழமை வாங்க" என்றேன்.

வேன் ஒரே வெட்டில் வெளியே போனது. முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பின்னால் வந்து நின்றாள். "என்ன, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்த மாதிரி நிக்கறீங்க?"

"நல்லா ரிவர்ஸ் எடுக்கறான்."

"ஹூட்டு மாட்ட வந்தானா, லோரி ஓட்ட வந்தானா?"

மகளும் போனில் அதட்டினாள். "ஒருத்தர மட்டும் பாத்து முடிவு பண்ணிடுவீங்களா? மூணு பேரயாவது பாருங்கப்பா."

சரி என்றேன். மனதில் வெள்ளை வேன்தான் நின்றது.

இரண்டாவது ஆள் புதன்கிழமை செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். மோட்டார் சைக்கிளை வைத்து எனக்கு ஆளை எடைபோடத் தெரியாது. அவர் எல்லாச் சுவரையும் விரலால் தட்டினார்.

"அடுப்ப இந்தப் பின் சுவத்துக்கு மாத்துங்க அங்கிள். ஒரே ஓட்டை. புகை நேரா சந்துக்குப் போயிடும்."

ஹாலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எந்தச் சுவரு தம்பி?"

"பின் சுவரு ஆன்டி."

"அது தெக்கு."

"தெக்குன்னா?"

"தெக்கப் பாத்து நின்னு உலை வைக்கச் சொல்றீங்களா? எமன் தெசை தம்பி அது. நான் கெழக்கப் பாத்துத்தான் சமைப்பேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான்."

அவர் சிரித்துவிட்டார். "இந்தக் காலத்துல யாரு ஆன்டி அதெல்லாம் பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"அப்ப நீங்க சாமியத்தான் கூப்பிட்டு மாட்டச் சொல்லணும்."

பிறகு அவள் சொன்னாள், "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

குடித்தார். கிளம்பினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெள்ளை வேன் ஜெயித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள், "நானும் ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கேன். கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்திருந்தப்ப ஒரு அக்கா குடுத்தாங்க. வெள்ளிக்கெழம வரும்."

"வரும்னா?"

"பொம்பள."

நான் பேப்பரைத் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பழைய சின்னக் கார் ஒன்று சாலையில் நுழைந்தது. கிளட்ச் அழுதது. ஓட்டி வந்த அம்மா வீட்டு நம்பர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாலையைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் டமால். முன் சக்கரம் லோங்காங்கில். வாசல் சாக்கடைக்குள் அரை டயர் இறங்கிவிட்டது.

இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம்போட்ட சட்டை, முழுக்கால் சிலுவார். சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதான் அந்த வீடா?"

"இதான்."

"அப்ப சரி. கார் எங்கயும் போவாது. உள்ள போலாம்."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். பார்த்தாயா என்று கண்ணால் கேட்டேன்.

"பாத்தேன்" என்றாள் அவள். "வழிய விடுங்க."

அந்த அம்மா உள்ளே வந்து சுவரைப் பார்க்கவில்லை. தட்டவும் இல்லை. என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க என்னென்ன சமைப்பீங்க?"

எட்டு மாதமாக அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் ஆரம்பித்தாள். கருவாட்டுக் குழம்பு. ரசம். பாகற்காய் பொரியல். மீன் வறுவல். நெத்திலி சம்பல். கோழி பிரட்டல். கை இரண்டும் காற்றில் கிண்டிக்கொண்டிருந்தன.

"சம்பலுக்கு மொளகா ஊற வெப்பீங்களா, வறுப்பீங்களா?"

"வறுத்துத்தான்."

"அப்ப இது சாதா நெடி இல்ல. எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?"

"கெழக்க."

"அப்ப அடுப்பு அங்கயே இருக்கட்டும். நகத்த வேணாம்."

இப்போது என் மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்த அம்மா முன்பு சாப்பாட்டுக் கடைகளின் ஹூட்டுக்குள் புகுந்து கழுவுகிற வேலை செய்தவராம். பதினைந்து வருஷம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் அவர் கழுவாத கடை இல்லை என்றார். இப்போது மாட்டவும் செய்கிறார், வீட்டுக்காரரோடு சேர்ந்து.

"முன்னாடி யாரும் வந்து பாத்தாங்களா அண்ணே?"

"வந்தாரு. சீலிங்குக்கு மேல விடறேன்னாரு. நாளைக்கு வராரு."

அவர் அவனைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. "சாம்பிராணி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. எட்டு மாசமா போடறதில்ல" என்றாள் மனைவி.

"நீங்க வெளிய போயி என் காருக்குக் காவல் இருங்க அக்கா. யாரும் தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்குங்க. நான் சொல்ற வரைக்கும் உள்ள வரக்கூடாது."

அவள் சிரித்தபடி வெளியே போனாள். சிரித்து நாளாகியிருந்தது.

அடுப்படி சீலிங்கில் சதுரமாக ஒரு மூடி உண்டு. கூரைக்குள் ஏறுகிற வழி. நான் ஏணியைக் கொண்டுவந்தேன். சாமி அறையிலிருந்து தூபக்காலை எடுத்துக் கரியைப் பற்ற வைத்தேன். அந்த அம்மாவே ஏணியில் ஏறினார். மூடியைத் தள்ளி, தூபக்காலை உள்ளே நீட்டி, கொட்டாங்குச்சி அளவு சாம்பிராணியைத் தூவினார். அட்டையால் விசிறினார். புகை எல்லாம் மேலே போனது. அடுப்படியில் ஒரு இழைகூட இல்லை.

"பாத்தீங்களா, மேலதான் போவுது" என்றேன். என் வேன்காரன் சொன்னது சரி என்று நினைத்தேன்.

"போவுது அண்ணே. இப்ப வீட்டச் சுத்தி ஒரு நடை போயிட்டு வாங்க."

ஹாலுக்குப் போனேன். ஒன்றும் இல்லை. முன் அறைக்குப் போனேன். நாங்கள் படுக்கிற அறை.

விளக்கு மாட்டியிருக்கும் ஓட்டையைச் சுற்றிப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிசாக, நூல் நூலாக. நேரே கீழே என் மனைவியின் தலையணை.

அடுப்படிக்கு ஓடிவந்தேன்.

அந்த நேரம் பின் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி. முப்பது வருஷம் எங்கள் பக்கத்தில் இருந்து தமிழ் படித்துக்கொண்டவர். தலை கலைந்திருந்தது.

"அண்ணே! நான் படுத்திருக்கேன், உங்க சாமி மேலேருந்து எறங்கி என் ரூமுக்கு வருது லா! என்ன பூஜை இது?"

அந்த அம்மா ஏணியில் நின்றபடியே சொன்னார், "ஒட்டு வீட்டுல கூரைக்குள்ள சுவரு முழுசா இருக்காது ஆன்டி. பாதி தெறந்துதான் இருக்கும். இங்க விட்டா அங்கயும் வரும்."

"சாம்பிராணி பரவால்ல. வாசம்" என்றார் ஆன்டி. "நாளைக்குக் கருவாடு வந்தா நான் எப்படித் தூங்கறது?"

அந்த அம்மா இறங்கிவந்து கையைத் துடைத்தார். "கடைங்கள்ல நான் பாத்திருக்கேன் அண்ணே. கூரைக்குள்ள விட்டு வெச்சிருப்பாங்க. எண்ணெய் தேன் மாதிரி சொட்டும். எலி அதுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ஒரு பொறி பட்டாப் போதும், தீயணைக்கிற போம்பாக்காரங்க வண்டியோட வரணும். அதுக்கு முன்னாடி அக்காவுக்கு மூச்சு நின்னுடும்."

எனக்குப் பயம் பாதி. மீதி என்ன என்று சொல்லத் தெரியவில்லை. ஓட்டத்தில் கடைசியாக வந்த குதிரை திடீரென்று முன்னால் வந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது.

"நீங்க எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். ஹூட்டுக்கு மேலே ஒரே ஒரு வளைவு. அங்கிருந்து நேராக ஐந்தடி, தெற்குச் சுவர்வரைக்கும். ஆறு இஞ்சுக் குழாய், தகரக் குழாய்.

"மடிப்பு மடிப்பா ஒரு ஓஸ் இருக்கும் அண்ணே. அது போட்டா எனக்கு வேலை சுலபம். ஆனா ஒவ்வொரு மடிப்புலயும் எண்ணெய் நிக்கும். காத்து முட்டி முட்டித் திரும்பும். நீங்க லோரி ஓட்டுனவருன்னு அக்கா சொன்னாங்க. வளைவு நெறைய இருந்தா வேகம் வருமா?"

"வராது."

"அதான்."

முடிந்தது. அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. ஞாயிறு வரச் சொன்னேன்.

பிறகு பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேர் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து ஒரே ரிவர்ஸ். கார் லோங்காங்கை விட்டு வெளியே வந்து சாலையில் நின்றது.

அந்த அம்மா கை தட்டினார். "அப்ப நீங்க வண்டியப் பாத்துக்குங்க அண்ணே. நான் புகையப் பாத்துக்கறேன்."

சாயங்காலம் வெள்ளை வேன்காரருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வேணாம் தம்பி."

"ஏன் அண்ணே, என்னாச்சு?"

"நீங்க வண்டி நல்லா ஓட்டறீங்க" என்றேன். வைத்துவிட்டேன். என் மனைவி தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை எழுந்துபோய் ஹூட் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிறு காலை மகள் வந்திருந்தாள். எட்டரைக்குக் கார் வந்தது. வீட்டுக்காரர் ஓட்டிவந்தார். சரியாக நிறுத்தினார். அதைப் பார்த்து நான் எதுவும் முடிவு செய்யவில்லை.

அந்த அம்மா முதலில் செய்த வேலை, என் மனைவியை அடுப்பு முன்னால் நிறுத்தியது. கையில் ஒரு கரண்டி கொடுத்தார்.

"கிண்டுங்க அக்கா."

"வெறும் அடுப்பையா?"

"வெறும் அடுப்பத்தான். மீன் திருப்பிப் போடுங்க. இப்ப பெரிய பானைய எறக்குங்க."

அவள் கிழக்குப் பார்த்து நின்று இல்லாத மீனைத் திருப்பினாள். இல்லாத பானையை இறக்கினாள். அந்த அம்மா அவள் நெற்றிக்கும் அடுப்புக்கும் நடுவே டேப் பிடித்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

"எனக்குத் தலை இடிக்குமே" என்றேன்.

"நீங்க இனிமே அடுப்புகிட்ட வரப்போறதில்லையே அண்ணே?"

பெண்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். மகள் ரொம்ப சிரித்தாள்.

மனைவியை மறுபடி வெளியே அனுப்பிவிட்டார்கள், தூசு என்று. தெற்குச் சுவரில் வீட்டுக்காரர் பெரிய துரப்பணத்தை வைத்தார். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடைந்தார். வீடு அதிர்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவைதான். ஒரே ஓட்டை. சத்தம் நின்றது. அவர் தள்ளினார். புட்டுக் குழாயிலிருந்து புட்டு வருகிற மாதிரி, வட்டமாக ஒரு சிமெண்டுத் துண்டு வழுக்கிக்கொண்டு போய் வெளியே விழுந்தது. அந்த ஓட்டையில் வெயில் வந்தது. எட்டிப் பார்த்தேன். பின் சந்தில் ஒரு பூனை என்னைப் பார்த்தது.

"இங்கேருந்து வெளிய லேசா சரிவு வெச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா. "மழை உள்ள வராது."

குழாய் ஏறியது. மூட்டுகளில் வெள்ளித் தாள் ஒட்டினார்கள். வெளியே, காற்று தள்ளினால் திறந்து, நின்றால் மூடுகிற மூடி. மதியம் ஒரு மணிக்கு ஹூட் சுவரில் ஏறியது. பென்சில் கோட்டில் மயிரிழை விலகவில்லை.

சுவிட்சைப் போட்டார். ஊம் என்றது. மகள் ஒரு டிஷ்யூத் தாளை அடியில் நீட்டினாள். பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"சூப்பர்!" என்றாள் மகள்.

"அது எல்லாரும் காட்டற வித்தை" என்றார் அந்த அம்மா. "தாள் பேசாது. மொளகாதான் பேசும். அடுப்படி சன்னல மூடுங்க, ஹால் சன்னலத் தெறங்க. காத்து முன்னாடியிருந்து வந்து இது வழியாப் போவணும். நான் ஒவ்வொண்ணா போடறேன். யாராவது இருமுனா நிறுத்திடுவேன். பத்து மொளகாய்க்கு யாரும் இருமலன்னா என் வேலை சரி."

அப்போதுதான் சீன ஆன்டி வந்தார், வாணலியோடு.

"என் வீட்டுல இதுல முட்டைகூட சரியா வரல லா" என்றார். "இது உங்க ஆள்கிட்டத்தான் பேசும். வாங்கிக்கங்க."

அதைத்தான் அடுப்பில் வைத்தோம்.

மனைவியை முன்கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். கதவைத் திறந்து வைத்தோம். மகள் பம்ப்பை எடுத்துக்கொண்டாள். எண்ணுகிற வேலையும் அவளுக்கு.

"ஒண்ணு."

மிளகாய் சூடான இரும்பில் விழுந்து சுருண்டது. கறுத்தது. மெல்லிய புகை எழுந்து, வளைந்து, ஹூட்டுக்குள் போய்விட்டது.

"ரெண்டு."

என் காதெல்லாம் ஹாலில் இருந்தது.

"மூணு."

மூன்று மிளகாயில்தான் என் மனைவி அன்று தரையில் விழுந்தது. ஹாலிலிருந்து விசில் சத்தம் வருமா என்று நின்றோம். வரவில்லை.

"நாலு."

"அஞ்சு."

எட்டில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தாள்.

"பத்து!" என்றாள் மகள். குதித்தே விட்டாள்.

"பத்து ஆச்சா?" என்று ஹாலிலிருந்து குரல். "வாசமே வரலையே. மொளகா பழசா?"

"மொளகா புதுசு அக்கா. ஓட்டையும் புதுசு."

"இன்னும் போடுங்க."

அந்த அம்மா போட்டார். பதினைந்தில் என் மனைவி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கால் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மகள் பம்ப்பை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

இருபத்திரண்டில் யாரோ இருமினார்கள். கடும் இருமல். சட்டென்று மனைவியைப் பார்த்தேன். ஆனால் சத்தம் உள்ளே இல்லை. பின் சந்தில்.

"யார் வீட்டுலடா மொளகா வறுக்கறது!" என்று ஒரு குரல் கத்தியது. சைக்கிள் மணி அடித்தது.

ஆன்டி பின் கதவைத் திறந்து கத்தினார், "நாங்கதான் லா! சோரி லா! எங்களுக்குச் சந்தோஷம்!"

என் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். வாங்கவில்லை.

இருபத்தைந்தில் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்றாள். அன்று விழுந்த இடம்.

"போதும்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

முப்பதில் அந்த அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் கிழக்குப் பார்த்து நின்றாள். வறுபட்டதைத் தட்டில் ஒதுக்கினாள். பொட்டலத்துக்குள் கைவிட்டாள். ஒன்று. கிண்டினாள். இன்னொன்று. தோள் மெதுவாக ஏறி இறங்கியது. ஒழுங்காக ஏறி இறங்கியது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சத்தமாக எண்ணுவதை விட்டுவிட்டு உதட்டுக்குள் எண்ணினாள். வீட்டுக்காரர் தன் ஐந்தாவது வார்த்தையைச் சொன்னார்: "அபாரம்."

அவள் மறுபடி பொட்டலத்துக்குள் கைவிட்டாள். விதைதான் வந்தது.

"தீந்துபோச்சா? எத்தன இருந்துச்சு?"

மகள் பம்ப்பை ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நாப்பத்தாறு."